ஊர் ஒட்டாமல் எம்.எஸ்.டபிள்யூ. முடிப்பது எப்படி?

சீட் கிடைத்துவிட்டதா? வாழ்த்துகள். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். வகுப்பு, அசைன்மென்ட், செமினார் எல்லாம் மற்றப் படிப்புகளைப் போலத்தான், சமாளித்துவிடலாம். ஒரே ஒரு வில்லங்கம். வாரத்தில் இரண்டு நாள் உங்களைக் கல்லூரியை விட்டு வெளியே அனுப்பிவிடுவார்கள். புத்தகத்தில் இதற்குக் களப்பணி என்று பெயர். நாம் யாரும் அப்படிச் சொல்வதில்லை, 'ஃபீல்டு ஒர்க்' என்போம். வாரத்துக்கு 15 மணி நேரம் கணக்கு. ஒரு குடியிருப்போ கிராமமோ கொடுப்பார்கள். அங்கே மனிதர்கள் இருப்பார்கள். உங்களோடு பேசுவார்கள். பேசினால் மனசில் ஏதாவது ஒட்டிக்கொள்ளும் அபாயம் உண்டு.

பயப்பட வேண்டாம். நான் சென்னைக்குத் தெற்கே ஒரு மறுகுடியமர்வுக் குடியிருப்பில் பல வருடம் நிறுவனத் தரப்பு மேற்பார்வையாளனாக இருந்தவன். ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்து, அங்கிருந்தவர்களைத் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் கொண்டுவந்து இறக்கிய எட்டு மாடிக் குடியிருப்பு. ஆடி வாக்கில் புது பேட்ச் வரும், பங்குனியில் போய்விடும். அந்தத் தெருவில் வருடம் முழுக்க நடந்துவிட்டுச் செருப்பில்கூட மண் ஒட்டாமல் திரும்பிய பிள்ளைகளை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். கீழே உள்ள வழிகள் அவர்கள் கண்டுபிடித்தவை. வரிசைப்படுத்தியது மட்டும் நான்.

1. ஏன் சேர்ந்தீர்கள் என்பதை யாரிடமும் சொல்லாதீர்கள்

நேர்முகத்தில் கேட்பார்கள். "சேவை மனப்பான்மை சார்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள். உண்மையான காரணம் எச்.ஆர். என்று எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் 49-ஆம் பிரிவில், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் நலன் அலுவலர் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்தார்கள். அந்த வேலைக்கு நம் பட்டம் செல்லும். அன்று முதல் சேவை மனப்பான்மைக்குக் குறைவே இல்லை.

இரண்டாம் வருடம் எச்.ஆர். பிரிவு கிடைத்துவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்கு வேண்டாம். ஆலை கேன்டீனில் சாப்பாடு நன்றாக இருக்கும், போய் வாருங்கள். மருத்துவம்-மனநலம் பிரிவு கிடைத்தால் ஆஸ்பத்திரிக்குள் ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. இரண்டும் கிடைக்காமல் சமூக மேம்பாடு, இளைஞர் மேம்பாடு என்று பெயர் விழுந்தவர்கள் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

2. சரித்திரத்தை ஒரு பத்தியில் முடியுங்கள்

1936-ல் பம்பாயில் டாடா பெயரில் முதல் சமூகப் பணிப் பள்ளி. 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க். தேர்வில் ஐந்து மதிப்பெண். அந்த அம்மாள் கல்லூரி தொடங்குவதற்கு முன்பு எங்கெல்லாம் போனார், யாரோடெல்லாம் வேலை செய்தார் என்று தேடாதீர்கள். தேடினால் நீங்களும் போக வேண்டியிருக்கும்.

3. கோட்பாட்டைக் கவசமாக மாட்டிக்கொள்ளுங்கள்

பெர்ல்மனின் நான்கு 'பி', பீஸ்டெக்கின் ஏழு கொள்கைகள். இரண்டு புத்தகமும் 1957-ல் வந்தவை. இந்தப் பதினொன்றும் கையில் இருந்தால் எந்த மனிதரும் உங்களை அண்ட முடியாது.

எப்படி என்று பாருங்கள். 'ஏற்றுக்கொள்ளுதல்' ஒரு கொள்கை. எல்லாரையும் ஏற்றுக்கொள்ளுங்கள், குடித்துவிட்டு வந்தவர், சத்தமாகப் பேசுகிறவர், உங்கள் ஜாதியைக் கேட்ட பாட்டி ஆகியோர் நீங்கலாக. 'கட்டுப்படுத்தப்பட்ட உணர்ச்சி ஈடுபாடு' இன்னொன்று. ஒரு அம்மா எதிரே உட்கார்ந்து அழும்போது இதை ஆங்கிலத்தில் மனசுக்குள் மூன்று முறை சொல்லுங்கள். அழுகை காதில் விழாது. 'தீர்ப்புச் சொல்லாமை' கொள்கையைத் தெருவில் கடைப்பிடியுங்கள். தீர்ப்பை எல்லாம் திரும்பும் பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம். 'இரகசியம் காத்தல்' ரொம்ப எளிது. களப்பணி ரெகார்டில் பெயரை 'திருமதி எக்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். பிறகு கல்லூரி கேன்டீனில் உட்கார்ந்து, எந்த பிளாக், எத்தனையாவது மாடி, புருஷன் என்ன வேலை, எதற்காக அடித்தான் என்பதை விலாவாரியாகச் சொல்லுங்கள். பெயர் சொல்லவில்லையே!

4. முதல் நாளே நோட்டைத் திறங்கள்

காலில் செருப்பு, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் ஜோல்னா பை, கையில் நோட்டு, நோட்டில் நூறு கேள்வி. கதவைத் தட்டி, "வணக்கம்மா, உங்க ஏரியால என்னென்ன பிரச்சினை இருக்கு?" என்று ஆரம்பியுங்கள். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அவர்கள் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீர் வாங்கிக் குடித்தால் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் நோட்டு மூடிக்கொள்ளும்.

எங்கள் குடியிருப்பில் முதல் மாடியில் ஒரு அக்கா இருந்தார். மீன் விற்கிறவர். நகரத்துக்குள் இருந்தபோது கூடையைத் தலையில் வைத்து நடந்தே போய் விற்றவர். இங்கே வந்த பிறகு விடிகாலைப் பஸ்ஸில் கூடையை ஏற்றவிடாத கண்டக்டரோடு தினமும் சண்டை. ஒரு வியாழக்கிழமை பதினொரு மணிக்கு, அப்போதுதான் திரும்பி வந்து கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்கள் மாணவி நோட்டோடு போய் நின்றாள். அக்கா நிமிரவே இல்லை.

"எழுதிக்கோ. நாலு பேரு. ரேஷன் கார்டு இருக்கு. ஓட்டு இருக்கு. ஆம்பள ஒண்ணு, குடிப்பாரு. பெரிய பொண்ணு பத்தாவதோட நின்னுடுச்சு. கக்கூஸ் வீட்டுக்குள்ளயே. மாச வருமானம் நீயே பாத்துப் போட்டுக்கோ. லிஃப்ட் ஓடல. வேறென்ன கேப்ப? டிவி இருக்கு."

கேள்வித்தாளின் வரிசை மாறாமல் பதில் வந்துவிட்டது. இரண்டே நிமிடம். மாணவிக்கு ஏக சந்தோஷம். இப்படித் தெருவுக்கு ஒருவர் கிடைத்தால் மாதிரி எண்ணிக்கை ஒரே நாளில் முடிந்துவிடும். இந்த அக்காவுக்கு இது எத்தனையாவது சர்வே, முன்பு எடுத்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்ற கேள்வி உங்கள் தாளில் இல்லை. இல்லாத கேள்வியைக் கேட்காதீர்கள்.

5. பிரச்சினையைப் போகும்போதே கொண்டுபோங்கள்

அங்கே போய்த் தேடினால் கண்டதெல்லாம் கிடைக்கும். பஸ் இல்லை, தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை, விலாசத்தைச் சொன்னால் வேலை தர மறுக்கிறார்கள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இதையெல்லாம் ஒரு செமஸ்டரில் ஒன்றும் செய்ய முடியாது. செய்யப் போனால் வாரிய அலுவலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போக வேண்டும். 1970-ல் குடிசை மாற்று வாரியம் என்று தொடங்கியது, 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஜனங்களுக்கு அது என்றைக்கும் 'போர்டு ஆபீஸ்'. அங்கே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பது உங்கள் 15 மணி நேரத்தில் சேருமா என்று துறையில் கேட்டால் அவர்களுக்கே குழப்பம் வரும். ஏன் அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டும்?

ஆகவே நூலகத்திலேயே தலைப்பை முடிவு செய்யுங்கள். இளைஞர் என்றால் போதை. பெண்கள் என்றால் சுயஉதவிக் குழு. குழந்தைகள் என்றால் கை கழுவுதல். முதியோர் என்றால் யோகா. எல்லாவற்றுக்கும் மருந்து ஒன்றே: விழிப்புணர்வு. அதை ஏற்படுத்தினால் போதும், பைப்பில் தண்ணீர் வர வேண்டியதில்லை. எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மாதக்கணக்கில் நின்றுகிடந்தபோது, படியேறுவதால் இதயத்துக்குக் கிடைக்கும் நன்மைகள் என்று ஒரு பையன் சார்ட் எழுதிக்கொண்டு வந்தான். தங்கமான பையன். தரைத்தளத்தில் ஒட்டினான்.

6. இளைஞர்கள் இல்லாத நேரமாகப் பார்த்து இளைஞர் மன்றம் தொடங்குங்கள்

இது கொஞ்சம் நுட்பமான வேலை, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் இளைஞர் என்றால் யார்? 2003-ஆம் வருட தேசிய இளைஞர் கொள்கை 13 முதல் 35 வயது என்றது. 2014-ஆம் வருடக் கொள்கை 15 முதல் 29 என்று குறைத்துவிட்டது. முப்பது வயதுக்காரர்கள் எல்லாம் ஒரே கையெழுத்தில் நடுவயதுக்காரர்கள் ஆனார்கள். எங்கள் குடியிருப்பின் ரசிகர் மன்றத் தலைவருக்கு அப்போது நாற்பத்து நான்கு. அவருக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. நீங்கள் 2014-ஐயே பிடித்துக்கொள்ளுங்கள். தெருவில் நான்கு பேர் பேச்சைக் கேட்கக்கூடிய அந்த ஆளைச் சந்திக்காமல் இருக்க வயது வரம்பைவிட நல்ல காரணம் கிடையாது.

அடுத்து, நேரம். உங்கள் களப்பணி காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை. கூட்டத்தை வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வையுங்கள். அந்நேரம் பதினைந்து வயதுப் பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான், அல்லது பள்ளிக்கூடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ இருப்பான். இருபது வயதுப் பையன் விடிகாலை கோயம்பேட்டில் லோடு இறக்கிவிட்டு வந்து குப்புறப் படுத்துத் தூங்குவான். கல்யாண மண்டபத்துக்குக் கேட்டரிங் போனவன் திரும்பியிருக்க மாட்டான். பெண் பிள்ளைகள் பக்கத்து ஐ.டி. கட்டடங்களில் தரை துடைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது குடத்தோடு வரிசையில் நிற்பார்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் ஒன்பது வயதுக் குழந்தைகள் ஆறு பேர், பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்த பாட்டிகள் மூன்று பேர், ஒரு நாய். வருகைப் பதிவில் 'இளைஞர்களும் பிற பங்குதாரர்களும், 10' என்று எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையின் கடைசியில், 'இளைஞர்களிடையே ஆர்வமும் ஒத்துழைப்பும் குறைவாகக் காணப்பட்டது' என்று சேருங்கள்.

இளைஞர்கள் தெருவிளக்கின் கீழே கூடுவது இரவு எட்டரைக்கு மேல். கேரம் போர்டு வெளியே வரும். பவுடருக்குக் காசில்லாமல் கோலமாவைத் தூவி ஆடுவார்கள். காய் பாதியில் நின்றுவிடும், அதற்கு ஒரு சண்டை. யாருக்கு எங்கே வேலை, யார் மேல் போலீஸ் பொய் வழக்குப் போட்டது, யார் வீட்டில் அப்பா மூன்று நாளாக வரவில்லை என்பதெல்லாம் அந்தப் பலகையைச் சுற்றித்தான் பேசப்படும். நீங்கள் அப்போது ஹாஸ்டலில் 'குழு உருவாக்கத்தின் நான்கு நிலைகள், டக்மன், 1965' என்று படித்துக்கொண்டிருப்பீர்கள். படியுங்கள். அது பரீட்சைக்கு வரும்.

தப்பித் தவறி நான்கு பையன்கள் பகலில் மாட்டிக்கொண்டால் ஐஸ் பிரேக்கர் நடத்துங்கள். பெயரோடு அதே எழுத்தில் தொடங்கும் ஒரு பழத்தைச் சொல்ல வேண்டும் என்பது நல்ல விளையாட்டு. அடுத்த வாரம் நான்கும் வராது.

7. கோலை யாரிடமும் கொடுக்காதீர்கள்

ஊரைச் சேர்ந்தவர்களே தங்கள் ஊரின் படத்தைத் தரையில் வரைய வேண்டும், வெளியாள் கோலை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டும் என்று ராபர்ட் சேம்பர்ஸ் எழுதினார். பங்கேற்பு ஆய்வு என்று இதைப் படித்திருப்பீர்கள். சேம்பர்ஸுக்கு நேரம் இருந்தது. உங்களுக்கு மதியத்துக்குள் போட்டோ வேண்டும்.

ஐந்து நிறக் கோலப்பொடி வாங்கிக்கொண்டு காலையிலேயே போங்கள். ரேஷன் கடை எதிரே இடம் நன்றாக இருக்கும். கூகுள் மேப்பை மொபைலில் வைத்துக்கொண்டு நீங்களே வரையுங்கள்: பச்சையில் மரம், நீலத்தில் தண்ணீர்த் தொட்டி, சிவப்பில் பிரச்சினை. எங்கள் மாணவர்கள் இப்படி வரைந்துகொண்டிருந்தபோது மண்ணெண்ணெய்க்கு வந்த ஒரு ஆயா நின்று பார்த்தார். "யாருக்கும்மா வளைகாப்பு?" என்றார். படம் என்று விளக்கினார்கள். ஆயா குனிந்து பார்த்துவிட்டு, "பொணம் எடுத்துனு போற வழி எங்க?" என்றார். அது படத்தில் இல்லை. குறுகலான படிக்கட்டில் எட்டாவது மாடியிலிருந்து பிணத்தை எப்படி இறக்குகிறார்கள், சுடுகாடு எவ்வளவு தூரம் என்று ஆயா சொல்ல ஆரம்பித்தார். பொடி தீர்ந்துவிட்டதால் அதைச் சேர்க்க முடியவில்லை. ஆயாவைப் படத்தின் ஓரமாக நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள். கையில் கோலைக் கொடுத்துத்தான் எடுத்தார்கள். எடுத்த பிறகு வாங்கிக்கொண்டார்கள்.

பங்கேற்புக்கு ஏணி உண்டு. 1969-ல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் எட்டுப் படி வைத்தார். 1992-ல் ரோஜர் ஹார்ட் குழந்தைகளுக்கு என்று தனியாக ஒன்று செய்தார். அதிலும் எட்டுப் படி. நம் கட்டடமும் எட்டு மாடிதான். மூன்றிலும் மேலே ஏறுகிறவர்கள் குறைவு. ஹார்ட்டின் ஏணியில் கீழ் மூன்று படிகள் முறையே பொம்மலாட்டம், அலங்காரம், ஒப்புக்குச் சப்பாணி. இந்த மூன்றும் பங்கேற்பே அல்ல என்கிறார் அவர். நீங்கள் அங்கேயே நில்லுங்கள், நிழலாக இருக்கும். பேரணிக்கு வந்த குழந்தைகளுக்குத் தொப்பி மாட்டிவிட்டால் இரண்டாம் படி. மேடையில் ஒரு பத்தாம் வகுப்புப் பெண்ணுக்கு நீங்கள் எழுதிக்கொடுத்த நன்றியுரை மூன்றாம் படி.

8. கிராம முகாமில் ஊரைத் தொந்தரவு செய்யாதீர்கள்

ஏழு முதல் பத்து நாள். பள்ளிக்கூடத்தில் தங்கல், ஊர்க்காரர்கள் சமையல், காலையில் சிரமதானம், மாலையில் தெருக்கூத்து மாதிரி ஒன்று. கோயில் வளாகம் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும், அதையே கூட்டுங்கள். காலனிக்குப் போகும் வழியில் சாக்கடை உடைந்திருக்கும். அங்கே போனால் ஊர்த் தெருக்காரர்கள் முகம் சுளிப்பார்கள்; சமையல் அவர்களுடையது என்பதை மறக்காதீர்கள். கழிப்பறை விழிப்புணர்வு நாடகத்தை ஊர்த் தலைவர் வீட்டுக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தினமும் போவது அவர் வீட்டுக் கழிப்பறைக்குத்தானே.

கிராம சபையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரே உட்கார்ந்து வரவுசெலவு கேட்கும் இடம். சமூக அமைப்பாக்கம் படிக்கிறவர்கள் பார்க்க வேண்டிய முதல் காரியம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். கவலை வேண்டாம். அது கூடுவது ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. நான்கும் அரசு விடுமுறை. கல்லூரி கிடையாது, களப்பணி கிடையாது. அப்புறம் மார்ச் 22, நவம்பர் 1 என்று இரண்டைச் சேர்த்தார்கள். அந்த நாட்களில் பார்த்து உங்களுக்கு இன்டர்னல் டெஸ்ட் வரும் என்று நம்புவோம்.

9. ஒரு பெண் வாய் திறந்து எதையாவது சொன்னால்

இந்தப் படிதான் கஷ்டம். இதுவரை சொன்னதை எல்லாம் சரியாகச் செய்தும், ஒரு நாள் யாராவது ஒரு பெண் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, எனக்கு மாமாவ கட்டி வெக்கப் போறாங்க. நான் படிக்கணும்" என்று சொல்லிவிடலாம். வயது பதினாறு என்பாள். பதற வேண்டாம்.

நோட்டில் 'கேஸ் ஸ்டடி 3' என்று தலைப்பிடுங்கள். குடும்ப மரம் வரையுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பிரச்சினை, இடம், நபர், செயல்முறை என்று பெர்ல்மனின் நான்கிலும் அவளைப் பிரித்து வையுங்கள். 'வாடிக்கையாளருக்குத் தன்னம்பிக்கை ஊட்டப்பட்டது' என்று முடியுங்கள். இப்படி எழுதப்பட்ட கேஸ் ஸ்டடிகளுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும், நானே போட்டிருக்கிறேன்.

1098 என்று இலவச எண் ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு. மாவட்டச் சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் என்று சட்டப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் போன் செய்தால் ஆட்கள் வருவார்கள், வந்தால் தெருவே கூடும், கூடினால் "யாரு சொன்னது?" என்று கேட்பார்கள்; அடுத்த வியாழக்கிழமை நீங்கள் அதே தெருவில் நடக்க வேண்டும்; அவளோடும் நிற்க வேண்டும். ரெகார்டில் இதற்கெல்லாம் கட்டம் இல்லை.

நாள் கணக்கும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் செமஸ்டர் பங்குனியில் முடிகிறது. அவள் கல்யாணம் வைகாசியில்.

10. ரெகார்டு: இதுதான் படிப்பு

எழுத ஏற்ற இடம் பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு முந்தைய சீட். குலுங்கினாலும் கையெழுத்து களத்தில் எழுதியதுபோல இருக்கும். நோக்கம், செயல்பாடு, கவனித்தவை, கற்றவை, அடுத்த வாரத் திட்டம் என்று ஐந்து தலைப்பு. ஆள் தெரியாத வாக்கியமாக எழுதுங்கள்: 'நல்லுறவு ஏற்படுத்தப்பட்டது', 'புரிதல் உண்டாக்கப்பட்டது', 'கருத்துகள் பகிரப்பட்டன'. யார், யாருக்கு, என்ன என்று எழுதினால் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நீங்கள் பொறுப்பாவீர்கள். 'கற்றவை' பகுதியில் 'பொறுமையைக் கற்றேன்' என்று ஒரு வாரம், 'நேர மேலாண்மை கற்றேன்' என்று மறுவாரம். மீனுக்குப் பஸ்ஸில் இடம் இல்லாதது ஒரு குடும்பத்தின் வரவைப் பாதியாக்கும் என்பது போன்ற சில்லறைகளை எழுதிப் பக்கத்தை வீணாக்காதீர்கள்.

நேரமே இல்லையா? சீனியரின் ரெகார்டை வாங்குங்கள். தேதியை மட்டும் கவனமாக மாற்றுங்கள். 2018-ல் ஒரு பையன் கொண்டுவந்த ரெகார்டில் 'சென்ற வாரப் பெருவெள்ளத்தால் பகுதி மக்கள் மாடியில் தஞ்சம் புகுந்துள்ளனர்' என்று இருந்தது. அந்த வெள்ளம் வந்தது 2015 டிசம்பரில். மூன்று வருடமாக அந்த ஜனங்களை மாடியிலேயே நிறுத்திவைத்திருந்தார்கள்.

கையெழுத்தைத் தவணையில் வாங்காதீர்கள், மொத்தமாக வாங்குங்கள். செமஸ்டர் கடைசி நாளில், மேற்பார்வையாளர் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்துப் போக வேண்டும். ஒரு மாணவி பதினான்கு வார ரெகார்டை ஒன்றாக என் முன்னால் வைத்தாள். பக்கம் புரட்டிப் படித்தால் தயிர்சாதம் காய்ந்துவிடும். இடது கையால் தாளைப் புரட்டிப் புரட்டிப் பதினான்கு கையெழுத்துப் போட்டேன். பேனாகூட அவளுடையதுதான். ஆகவே மேற்பார்வையாளர்களைப் பற்றிக் கவலையே படாதீர்கள். நாங்கள் உங்கள் பக்கம்.

11. கான்ஃபரன்ஸ்

வாரா வாரம் ஆசிரியரோடு தனிச் சந்திப்பு. வராந்தாவில் நடந்துகொண்டே நான்கு நிமிடம். "எப்படிப் போகுது?" "நல்லா போகுது மேம்." போதும்.

12. சொல்லாமல் வாருங்கள்

உறவை முடித்துக்கொள்வதும் ஒரு கட்டம், அதற்கு மக்களை முன்கூட்டியே தயார்செய்ய வேண்டும் என்று பாடத்தில் இருக்கிறது. தயார்செய்யப் போனால் அழுகை, டீ, பஜ்ஜி, செல்ஃபி, "எங்கள மறந்துடாதீங்க" என்று நாள் முழுக்கப் போகும். கடைசி வியாழனை மற்ற வியாழனைப் போலவே முடியுங்கள். வரும் வழியில் கேரம் பையன் ஒருவன், "அடுத்த வாரம் வருவீங்கல்லக்கா? மன்றத்துக்குப் பேரு வெச்சுட்டோம்" என்பான். "வருவேன்பா" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறுங்கள். என்ன பெயர் என்று கேட்காதீர்கள். கேட்டால் திரும்ப வரத் தோன்றும்.

ஆடியில் அடுத்த பேட்ச் வரும். முதல் மாடி அக்கா கூடையைக் கழுவிக்கொண்டே, "எழுதிக்கோ. நாலு பேரு" என்று ஆரம்பிப்பார். வைகாசிக்கு அப்புறம் போனவர்களுக்கு மட்டும் மூன்று பேர் என்று சொன்னார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எண்ணைத் திருத்திக்கொண்டார்கள்.

13. பட்டத்துக்கு அப்புறம்

வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கிறது, டாக்டருக்கு மருத்துவ ஆணையம் இருக்கிறது. நம் தொழில் முழுவதற்குமாகப் பதிவு செய்து உரிமம் கொடுக்கிற, தப்பு செய்தால் பிடுங்குகிற ஒரு கவுன்சில் இந்த நாட்டில் இல்லை. ஆகவே நீங்கள் படித்தது எதையும் யாரும் பிறகு சோதிக்கப் போவதில்லை. வார்டு தேர்தலுக்கு நிற்கப்போகிறவர் பிளெக்ஸ் பேனரில் தன் பெயருக்குக் கீழே 'சமூக சேவகர்' என்று போட்டுக்கொள்கிறாரே, அவரும் நீங்களும் சட்டத்தின் முன் கிட்டத்தட்ட சமம். ஒரு வித்தியாசம் உண்டு: அந்தத் தெருவில் அவருக்கு எல்லார் பெயரும் தெரியும்.

கடைசியாக வைவா. வெள்ளைச் சட்டை, ஸ்பைரல் பைண்டிங், ஓரத்தில் வண்ணக் கொடிகள். வெளித்தேர்வாளர் பெர்ல்மனின் நான்கு 'பி' கேட்பார், பீஸ்டெக்கின் ஏழு கேட்பார், எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பயனாளி என்று கேட்பார். நீங்கள் ஒரு வருடம் நடந்த தெருவின் பெயரைக் கேட்க மாட்டார். ஒருவேளை கேட்டுவிட்டால் ரெகார்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள்.